தபால் ஏற்கப்படாத நாடுகள்

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை
வெள்ளிக்கிழமை மறுபடி கழற்றினேன்.
தபால் ஏற்கப்படாத நாடுகள்.
பன்னிரண்டாவது பெயரைச்
சிவப்புப் பேனையால் எழுதும்போது பிழை வந்தது.
அந்த நாட்டை அதற்குமுன்
நான் எழுதிப் பார்த்ததில்லை.

வெளியே கச்சான்.
ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டுக்
கந்தளாய் தாண்டி
வெறுங்கையோடு வந்து
எங்களிடம் தண்ணீர் கேட்கிற காற்று.
யன்னலால் புகுந்து
ஐம்பது ரூபாய் முத்திரைத் தாள் ஒன்றைத் தூக்கி
நின்றுபோன மின்விசிறியின் இறக்கையில் வைத்தது.
ரிஸ்மியா கதிரையில் ஏறினாள்.
"கறன்ட் வர முந்தி எடுங்க, வர முந்தி எடுங்க"
வரிசை முழுவதும் கத்தியது.
எடுத்தாள். கைதட்டினார்கள்.
ஓய்வூதியம் எடுக்க வந்த இருவர்
ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சிரித்தார்கள்.

பிறகு மர்சூக் காக்காவின் முறை.
வெள்ளைத் துணியில் தைத்த பொதி,
மூலையில் பாரைக் கருவாட்டின் மணம்.
மகன் இருப்பது
சிவப்பு மை இன்னும் காயாத நாட்டில்.
"ஏலாதா மிஸ்?"
"இப்ப ஏலாது காக்கா."
பொதியை இரு கையாலும் நிறுத்துப் பார்த்தார்,
நான் நிறுப்பேன் என்று கொண்டுவந்ததை.
"அப்ப நானே திண்டு முடிக்கிறன்" என்றார்.
சிரித்தேன்.
பாதிச் சிரிப்பு தொண்டையில் நின்றது.

நாலரைக்கு
பஸ் நிலையத்தின் பக்கம் சுமனாவதி
காட்டிலிருந்து வந்த பாலைப்பழத்தைச்
சுண்டால் அளந்துகொண்டிருந்தாள்.
மஞ்சள் மணிகள்.
சுண்டின் தலையில் ஒரு குவியல்,
அதற்கு மேலும் ஒரு பிடி எனக்கு.
சுற்றித் தந்த பத்திரிகைத் தாளில்
ஒரு வரைபடம், அதில் அம்புக்குறிகள்.
எந்தக் கடலுக்குள் எந்தக் கப்பல் என்று
வாசிக்க முதல்
பழத்தின் பால் ஊறிக் கடல் பிசுபிசுத்தது.

மான் ஒன்று வந்து தாளை மோந்து பார்த்தது.
வேண்டாம் என்று
குப்பைத் தொட்டிப் பக்கம் போய்
வத்தகப்பழத் தோலைத் தின்றது.

டச்சுக் குடாவில் செருப்பைக் கழற்றினேன்.
ஆனி மாதத்தில் எங்கள் கடல்
தாம்பாளத்தில் வைத்த தண்ணீர்.
கரையோரம் ஒருவர் மோட்டார் சைக்கிளின் சில்லைக் கழுவ,
அவருடைய பிள்ளை அதைவிடக் கவனமாக
அவருடைய காலைக் கழுவிக்கொண்டிருந்தது.
பழம் இனித்தது.
இனிப்பதற்கு நான் வெட்கப்பட்டேன்.
வெட்கத்தோடும் இனித்தது.

ஒரு காலம் நாங்களும் அப்படியொரு தாளில் இருந்தோம்.
எங்கோ வேர்க்காத கையொன்று
எங்கள் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதியிருக்கும்.
அந்த வருடத்து ஆனியில்
ஊரடங்கு இரண்டு மணித்தியாலம் தளர,
அரிசிக்குப் போன அக்கா
பாலைப்பழத்தோடு வந்தாள்.
அரிசி முடிஞ்சுதாம்.
அப்பா ஏசினார், அம்மா ஏசினாள்,
பிறகு பசியில் எல்லாரும் தின்றோம்.
உதடு உதட்டோடு ஒட்டிக்கொள்ள
மிச்ச ஏச்சை யாராலும் ஏச முடியவில்லை.
அன்று எங்களை நினைத்து
தூரத்தில் யாராவது அழுதிருந்தால்
அவர்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்:
பதுங்குகுழிக்குள்
நாங்கள் வாய் மூடிக்
குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை.

பன்னிரண்டாம் நாட்டிலும்
இந்நேரம் யாரோ
அரிசிக்குப் போய்ப் பழத்தோடு திரும்பட்டும்.
வாங்க ஒரு பழமாவது இருக்கட்டும்.

ஒட்டாத முத்திரைகளையெல்லாம்
இப்போது என் உதட்டில் ஒட்டலாம்.
தேங்காயெண்ணெய் பூசினால் போகும்.
வீட்டுக்குப் போய்ப் பூசலாம்.

கைப்பைக்குள் போன் துடித்தது.
புதிய செய்தி.
பெருவிரலை வைத்தேன், திறக்கவில்லை.
பாவாடையில் துடைத்துவிட்டு வைத்தேன்.
பழப்பால் காய்ந்த விரலை
அது அடையாளம் காணவில்லை.
இன்னும் கொஞ்ச நேரத்துக்கு
நான் யாரென்று அதற்குத் தெரியாது.