காரணம் எழுத இடமில்லாத தாள்

ஒரே ஒரு பக்கம்.
மேலே விண்ணப்ப எண்: ஆண்டு, சாய்கோடு, ஐந்து இலக்கம்.
கீழே என் பெயர்: சலோச்சினி கவெண்டர், டொங்காட்.
நடுவில் இரண்டு வரி.
முன்பு அளித்த அதிகாரத்தை
இதனால் திரும்பப் பெறுகிறேன்.
ஏன் என்று எழுத இடம் விடவில்லை.

பதினொரு மாதத்துக்கு முன் நீங்கள் நீட்டிய தாளில்
இடம் தாராளமாக இருந்தது, பூபாலன்.
என் பெயரால் தாக்கல் செய்ய,
என் பெயரால் திருத்த, வெட்ட, சேர்க்க,
கட்டணம் கட்ட, பதில் சொல்ல,
தேவைப்பட்டால் கைவிட.
கைவிட என்பதையும் படித்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.
உங்கள் உம்லாங்கா அலுவலகத்தில் குளிர் அதிகம்.
சீக்கிரம் போட்டேன்.

நான் கண்டுபிடித்தது ஒரு கொக்கி.
கரும்பு லாரிச் சங்கிலிக்கு.
காலையில் எவ்வளவு இறுக்கினாலும்
மேடுபள்ளத்தில் கரும்பு அமுங்கும், சங்கிலி தளரும்,
ஆலைக்குப் போகும் வழியெல்லாம் கரும்பு சிந்திக் கிடக்கும்.
அதில் டயர் ஏறி வழுக்கித்தான்
ரொட்டி வண்டி ஓட்டிய துலானிக்கு இடுப்பெலும்பு போனது.
என் கொக்கி எதிர்மாறு.
லாரி குலுங்கக் குலுங்க இறுகும்.
ஒரு பல் முன்னால் போகும், பின்னால் வராது.
அதற்குக் கொடுத்தது மூன்று மழைக்காலம்,
இடது கட்டைவிரல் நகம் ஒன்று.

அதை நீங்கள் எழுதினீர்கள்:
இழுவிசையைத் தக்கவைக்கும் அமைப்பு.
சரி, வக்கீல் பாஷை, பொறுத்தேன்.
அடுத்த வரைவில், முதல் கோரலில்,
எஃகுச் சங்கிலியுடன் மட்டும்.
அந்த மட்டும் எங்கிருந்து வந்தது?
ஆஸ்திரேலியாவில் ஏதோ பழைய காப்புரிமை,
உரசாமல் ஒதுங்கிப் போகலாம் என்றீர்கள்.
இந்த சீசனிலேயே பாதி லாரி நைலான் பட்டைக்கு மாறிவிட்டது.
என் தோட்டத்துக்கு வேலி போடச் சொன்னால்
கிணற்றையும் மாமரத்தையும் வெளியே விட்டுவிட்டுப் போட்டிருக்கிறீர்கள்.
எனக்காக வக்காலத்து வாங்கியவர்
என்னிடம் ஒரு வார்த்தை வாங்கவில்லை.

காரணம் கேட்டிருந்தால் இதை எழுதியிருப்பேன்.
இதை மட்டும் எழுதினால் பொய்யாகியிருக்கும்.
தனபாலனை எரித்த அன்று
சுடுகாட்டு வாசலில் கார்களுக்கு வழி காட்டி
வெயிலில் நின்றது நீங்கள்.
கோட்டைக் கழற்றி
யார் வீட்டுக் குழந்தைக்கோ குடையாகப் பிடித்திருந்தீர்கள்.
முதல் மூன்று பில் அனுப்பவே இல்லை.
நான்தான் சண்டை போட்டு வாங்கிக் கட்டினேன்.
இதற்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையெழுத்துப் போட்டேன். முதல் எழுத்து கோணல்.
பழைய தாளோடு ஒப்பிட்டு
இவள்தானா அவள் என்று
பிரிட்டோரியாவில் யாராவது யோசிக்கலாம்.
யோசிக்கட்டும், எனக்கே சந்தேகம்தான்.

வெள்ளிக்கிழமை கூரியர்.
புதன்கிழமை உங்கள் போன்.
குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னவோ செய்தது.
"பதிவேட்டில் ஏறும்வரை கடிதம் எனக்குத்தான் வரும்.
வந்தால் பிரிக்காமல் அனுப்புகிறேன்.
முழு விவரணம் பதினேழாம் தேதிக்குள் போகணும், சலோ.
அதில் உன் கையெழுத்து செல்லாது, வக்கீல் கை வேணும்.
ஆள் பிடித்தாயா?"

பிடிக்கவில்லை.
ஒரு கையை எடுத்துவிட்ட கையோடு
இன்னொரு கையைத் தேட வேண்டும் என்பது
எனக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
உங்கள் பக்கம் லிஃப்ட் மணி.
என் பக்கம் ஆலைச் சங்கு.
பிறகு நீங்கள், மெதுவாக:
"நைலானையும் பிடிக்குமா அது?"

பிடிக்கும் என்றேன்.

"கேட்டிருக்கணும்" என்றீர்கள்.
ஆமாம் என்றேன்.

போனை வைத்துவிட்டு
கிரீஸ் படிந்த பில்லைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் எழுதினேன்:
ஒன்று.
ஒரு கொக்கி.