வேரோடு என்றால் வேறு விலை

மூன்று பேரிடம் விலை கேட்டேன்.
ஒருவன் போட்டோவைப் பார்த்தே முந்நூறு திர்ஹம் என்றான்.
இன்னொருவன் வருகிறேன் என்றான்,
இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.
பன்னுக்காரர் குல்சமான் மட்டும்
அஜ்மான் வெயிலில் டமாஸ் மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு
"சாக்கடைக் குழாய் எந்தப் பக்கம்?" என்றார்.

குளியலறை ஏன் அடைத்துக்கொண்டே இருந்தது என்று
அப்போதுதான் புரிந்தது.

"கிளை மட்டும் என்றால் நானூறு.
வேரோடு என்றால் வேறு விலை."
அவர் உருதுவுக்கும் என் அரைகுறை இந்திக்கும் நடுவில்
விரல்கள் பேரம் பேசின.

இடுப்பில் கயிறு, தோளில் ரம்பம்.
உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறங்கியது மரம்,
ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை.
குழாயைப் பிளந்தபோது உள்ளே
ஒரு முழச் சடை,
எண்ணெய் வைத்துப் பின்னியதுபோல் வேர்.
ஆறு வருடம் நாங்கள் குளித்த தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது,
சோப்பு நுரையோடு.

பிக்கப் போன பிறகு
வெயில் கேட்காமலே சமையலறைக்குள் வந்து
பருப்பு டப்பா வரைக்கும் நின்றது.
எதிர் வில்லா ஜன்னலில் ஒரு பெண்,
கையில் கரண்டி, என்னையே பார்க்கிறாள்.
இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருப்பாள்.

திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தவள் நான்.
கையில் இருந்தது டேப்.
என்ன செய்வதென்று தெரியாமல்
அதையே ஆட்டிக் காட்டினேன்.