உறை

ஹொரமாவில் வீடு வாங்கி ஒன்பது வருஷம்.
"தொட்டி எங்கே?"
லாரியை ரிவர்ஸில் நிறுத்திவிட்டுக் கேட்டார் நஞ்சுண்டப்பா.
பத்திரத்தில் இல்லை. பிளானில் இல்லை.
கார் நிற்கும் இடம் முழுக்க
நாங்களே கிரானைட் பதித்திருந்தோம்.

கடப்பாறையால் தட்டிக்கொண்டே நடந்தார்.
செருப்பு ஸ்டாண்டுக்கு ஓரடி தள்ளி
தரை வேறு குரலில் பேசியது.

உடைத்து, மூடியை நெம்பித் தள்ளி,
அரைமணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை.
பீடி காதிலேயே இருந்தது.
வெள்ளைத் துணி சுற்றிய கழியை இறக்கி எடுத்தார்.
மூன்றடிக்குக் கறுப்பு.

"ஆசிட் ஹாக்தீரா சார்?"

வாரம் ஒரு பாட்டில் என்றேன்,
பளபளக்கும் கழிப்பறையின்
சொந்தக்காரனாக.

"தின்னு கரைக்கறது அதுங்கதான்.
நீங்க அதுங்களையே கொன்னுட்டீங்க."

குழாய் உறிஞ்சியது. தெரு மூக்கைப் பொத்தியது.
முழுசாக வழித்துவிடுங்கள் என்றதற்கு
முறைத்தார்:
"தயிர்ப் பானையை யாராவது துடைச்சு வைப்பாங்களா?"
அடியில் ஒரு சாண் விட்டுவைத்தார்.

கை கழுவிய பிறகுதான்
பணத்தைத் தொட்டார்.

இன்று ஞாயிறு.
பாட்டிலை எடுத்துத் திருகி
மறுபடி மூடிவிட்டேன்.
பீங்கானில் லேசாக மஞ்சள்.
இருக்கட்டும்.
கீழே பந்தி நடக்கிறது.