எடைப்பாலம்

லாபிஸ் செம்பனை ஆலையில்
ஒரு லோரியை இரண்டு முறை நிறுப்போம்.
குலைகளோடு ஏறும்போது ஒரு தடவை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு தடவை.
இடையில் எனக்குப் பதினெட்டு நிமிடம்.
மழை என்றால் கொஞ்சம் கூட.

இழுப்பறையில், ரசீதுக் கட்டுக்கு அடியில்
வேதம் இருக்கிறது.
ஜனவரியில் சபையில் ஓர் அட்டவணை கொடுத்தார்கள்:
பழையதில் மூன்று அதிகாரம், புதியதில் ஒன்று,
படித்ததும் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல்.
பொருளாளர் கிறிஸ்துதாஸ் விடிவதற்குள் காட்டிவிடுவார்.
நானும் காட்டினேன்.
பலிகளையும் வம்ச வரலாறுகளையும்
தோட்டத்துக்கு நடுவே போகும் சிகாமட் பஸ் மாதிரி
ஓடிக் கடந்தேன்.
பச்சை தெரிந்தது. மரம் ஒன்றும் தெரியவில்லை.
நான்கு அதிகாரத்தோடு ஏறி
நான்கு அதிகாரத்தோடே இறங்கியிருக்கிறேன்,
எதையும் கொட்டாத லோரி.

ஜூனில் நாற்பத்து மூன்று நாள் பின்தங்கினேன்.
பொய்யாக ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்;
அதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

அன்றைக்குத்தான் ஒரு சொல்லில் கால் தட்டியது.
துணிக்கைகள்.

சின்ன வயதில் அதைத் துணி என்றே நினைத்திருந்தேன்.
அம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே
சேருமே வெட்டுத் துண்டுகள், அது
பன்னிரண்டு கூடை நிறைய.
புல்லில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும்
யார் டீச்சர் சட்டை தைத்தது என்று
ஞாயிறு பள்ளியில் கேட்டுச் சிரிப்பு வாங்கினேன்.
அப்பம் என்று தெரிந்துகொண்டேன்.
தெரிந்ததோடு அந்தச் சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்த முறை விடவில்லை.
ஒரு வாரம், ஒரே சொல்.
முதல் லோரிக்கு ஒன்றும் வரவில்லை.
இரண்டாவதுக்கு, கட்டாத மின்சார பில் வந்தது.
மூன்றாவதில் கமாருல் கண்ணாடியைத் தட்டி
“அக்கா, தூக்கமா?” என்றான்.
புதன்கிழமை வாக்கில் புல் தெரிந்தது,
மிதிபட்டுக் கிடக்கிற புல்.
எல்லோரும் உண்டு சாய்ந்த பிறகு
பன்னிரண்டு பேர் குனிகிறார்கள்.
இடுப்பு பிடித்திருக்கும்.
எச்சில் பட்டிருக்கும். எறும்பு ஏறியிருக்கும்.
ஐந்தை வைத்து ஐயாயிரம் பேரை நிரப்பியவருக்கு
எதற்கு இந்த ஓரமும் பொருக்கும்?
கோப்பி ஓ ஆறிப்போனது.
பதில் வரவில்லை. லோரிதான் வந்தது,
ஒன்பது டன் நூற்றெண்பது.

வெள்ளி மூன்று மணிக்கு சுமியாத்தி வந்தாள்.
மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில்
இரண்டு சாக்கு உதிரிப்பழம்.
குலை விழும்போது சிதறி
மட்டைக்கு அடியில், முள்ளுக்குள், ஓடைக்கரையில்
கிடப்பதை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியது.
எங்கள் பாலம் இருபது இருபதாகத்தான் எண்ணும்.
எண்பதைத் தொடாதது எல்லாம் அறுபது,
இறக்கி எழுது என்பது ஆபீஸ் உத்தரவு.
ஏழு வருடமாக அறுபது எழுதி வந்த கை இது.
அவளும் ஒருநாள் கேட்டதில்லை.

அன்றைக்கு எழுந்தேன்.
ஸ்டோருக்குப் பின்னால், உரமூட்டை நிறுக்கிற
பழைய கொக்கித் தராசு.
பல்லி முட்டையோடு இழுத்து வந்தேன்.
முள் ஆடி ஆடி நிற்கும்வரை
காத்திருக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது.
முப்பத்தொன்பதரை. முப்பத்தேழு.
அரைக்கு ரசீதில் கட்டம் இல்லை; ஓரத்தில் எழுதினேன்.
சுமியாத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“கெனப்பா?” என்றாள்,
இன்றைக்கு மட்டும் ஏன் என்ற மாதிரி.
சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஹார்ன் அடித்தது.
சாக்கின் கிழிசலில் இருந்து ஒரு பழம் உருண்டு
தண்டவாளச் சட்டத்தின் இடுக்கில் விழுந்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்,
தலை இடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை மேனேஜர்
ஓரத்தில் எழுதியதைச் சிவப்பில் வட்டமிட்டு
மேசையில் வைத்திருந்தார். இன்னும் கூப்பிடவில்லை.
குழு லூக்காவையும் கடந்து எங்கோ போய்விட்டது.
வெளியே முதல் லோரி ஏறுகிறது,
பாலம் லேசாக அமுங்குகிறது.
இழுப்பறையைத் திறக்கிறேன்.
இந்த வாரமும் அதே சொல்.