ராஃபியா கயிறு

ஈசூன், பதினொன்றாம் மாடி.
தொலைக்காட்சியில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.
"இது சரியில்லை" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகத்தான்.
சன்னல் திறந்திருந்தது.

மறுநாள் மின்தூக்கியில் குணாளன் கேட்டார்:
"அப்புறம் வாசலில் எதுக்குக் கொடி?"
நான்காம் மாடியில் கதவு திறந்தது,
ஒருவரும் ஏறவில்லை.
என்னிடம் பதில் இருந்தது,
மின்தூக்கிக்குள் அடங்காத நீளத்தில்.

தெக்கோங் சேற்றில், பத்தொன்பது வயதில்,
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த சார்ஜண்டிடம்
"படகுத்துறை அந்தப் பக்கம்" என்றவன் நான்.
அன்று யாரும் கேட்கவில்லை,
உனக்குப் படைமேல் பற்றில்லையா என்று.
திசையையும் கேட்கவில்லை.
விடிய விடிய நடந்தோம், எல்லாரும்தான்,
சார்ஜண்டும்.

அந்த வாரமே மழைக்காற்று.
அவர் கொடியின் ஒரு முனை அவிழ்ந்து
கற்றாழைத் தொட்டியில் சிக்கிப் படபடத்தது.
இரவு ஒன்பதரைக்கு மணியடித்தார்.
"கயிறு இருக்கா?"

என் கொடியைக் கட்டியதில் மிச்சம்,
இளஞ்சிவப்பு ராஃபியா.
அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள
நான் இரண்டு முடிச்சுப் போட்டேன்.
பிறைமேல் மழை ஒழுகியது.

"அன்னிக்கு அவர் பேசினது..."
குணாளன் ஆரம்பித்தார்,
பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே.

"சத்தமாச் சொல்லுங்க," என்றேன்,
"காத்து அடிக்குது."