எதுல பி.ஜி.?

மன்னவனூர் சுகாதார நிலையத்தில்
மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான்.
என் சன்னல் வழியே கைகள் மட்டும்தான் தெரியும்.
பூண்டு மணக்கும் கைகள்,
நகக்கண்ணில் கேரட் மண் ஏறிய கைகள்.
அவை நீட்டுகிற சீட்டில்
நான்கு வருடமாக ஒரே கையெழுத்து:
டாக்டர் ஜெசிந்தா.

குட்டையான சீட்டுகள்.
'ரெண்டே மாத்திரைதானா?' என்று
திருப்பிப் பார்ப்பார்கள்,
மீதி பின்பக்கம் இருக்கும் என்பதுபோல.
நானும் ஒருநாள் திருப்பிப் பார்த்தேன்.

'அந்தம்மா டெஸ்ட்டே எழுதாது,' என்பான் லேப் இக்பால்,
'கேட்டுக்கிட்டே இருக்கும்.
மாடு கன்னு போட்டதுவரைக்கும் கேட்கும்.'
கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் அவர் பெயர்
லெட்டர் டாக்டர்.
அனுப்பினால், 'இதையெல்லாமா அனுப்புவாங்க?'
அனுப்பாவிட்டால், 'இத்தனை நாள் என்ன பண்ணீங்க?'
இரண்டையும் ஒரே குரல்
ஒரே வாரத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு
யாருக்கோ பிரஷர் பட்டை சுற்றிக்கொண்டிருப்பார்.

கவுஞ்சி வெள்ளைச்சாமி
தேனியில் படுத்து எழுந்து வந்தார்.
டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்பது மருந்து,
அதில் இரண்டு
வேறு வேறு சட்டை போட்ட ஒரே மருந்து.
டாக்டர் தேனிக்குப் போன் போட்டார்.
'மேடம், நீங்க எதுல பி.ஜி.?'
என்றது அந்தப் பக்கம்.
'மன்னவனூர்ல,' என்றார்.
சிஸ்டர் சிரித்தார்.
எனக்குப் புரியவில்லை, அதனால் சிரிக்கவில்லை.

பனி புல்லை வெளுக்கிற மாதம்
என் மனைவி விசாலத்துக்குத் தலைவலி.
விடிந்தால் வலி, குமட்டல்.
மத்தியானம் வெளியே வெயிலில் உட்கார்ந்தால்
ஒன்றுமே நடக்காததுபோல இருப்பாள்.
அடுத்த அறையில் டாக்டர் இருக்க
மதுரைக்கு லீவு எழுதினேன்.
காரணம்: உறவினர் திருமணம்.
மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்?
அவர் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

கண்ணாடிக் கதவு. டோக்கன் எழுபத்தொன்று.
நரம்பு நிபுணர் தலை நிமிர்வதற்குள்
ஸ்கேன் எழுதியாகிவிட்டது.
ஒன்பதாயிரம் ரூபாய்க்கு
ஒன்றுமில்லை என்று வந்தது.
'டென்ஷன்.'
டென்ஷனுக்கு மூன்று மாத்திரை.
பஸ் ஏறி வந்தோம்.
எங்களுக்கு முன்னால்
தலைவலி வீட்டுக்கு வந்திருந்தது.

ஒரு சாயங்காலம்
ஸ்டாக் ரிஜிஸ்டர் கேட்டு டாக்டர் வந்தார்.
உள்ளே வரவில்லை.
வாசற்படியில் சாம்பலோடு இருந்த
கரிச்சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
'ராத்திரி இது எங்க இருக்கும்?'
கட்டிலுக்குக் கீழே.
'சன்னல்?'
இடுக்கெல்லாம் துணி செருகியிருக்கு, குளிருக்கு.
'நீங்களும் அங்கதான் படுக்கிறீங்களா?'
இல்லை, என் குறட்டைக்கு முன்னறைதான்.
'துணியை உருவிடுங்க. சட்டி வெளியவே இருக்கட்டும்.
நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டு வாங்க.'
ரிஜிஸ்டரை இடுக்கிக்கொண்டு
மேட்டில் ஏறிப் போனார்.
மதுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் விடிகாலை
விசாலம் என்னைத் திட்டினாள்,
பழைய பலத்தோடு.

மைத்துனன் போனில் கேட்டான்,
'எந்த டாக்டர் கண்டுபிடிச்சாரு?'
'மதுரைதான்,' என்றேன்.
'பெரிய டாக்டர்னா பெரிய டாக்டர்தான் மாமா.'
'ஆமா,' என்றேன்.

சன்னல் திறந்திருந்தது.
நல்ல குளிர்.