ஒளிமேசை

இருபத்தாறு வருடம்
போட்ஸ்ஃபியோர்டு மீன் ஆலையில் எனக்கு ஒரே வேலை.
கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும்,
மேலே காட் மீனின் வெள்ளைத் துண்டம்.
வெளிச்சம் சதையை ஊடுருவும்போது
உள்ளே சுருண்டிருக்கும் புழு
பழுப்பு நூலாய்த் தெரியும்.
இடுக்கியால் பிடுங்கி வாளியில் போடுவேன்.
நிமிடத்துக்கு ஒன்பது துண்டம்.
பக்கத்து மேசை யோர்டிஸுக்குப் பதினொன்று,
பீற்றிக்கொள்வாள்.

இப்போது துண்டம் நான்.

மார்பை எடுத்தாயிற்று, போன அக்டோபரில்.
தழும்பின் ஓரமாய் மறுபடி முளைத்தது
மீன்முட்டை அளவில், நான்கைந்து.

டிரோம்ஸோ மருத்துவமனையில் செவிலி குன்வோர்
ஊசிக்குழலை உயர்த்திக் காட்டினாள்.
"தங்கம்" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
திராட்சை ரசம் போலல்லவா சிவந்திருக்கிறது!
அவ்வளவு பொடிசாய்ப் போனால்
தங்கமே தன் நிறத்தை மறந்துவிடுமாம்.
துகள் ஒவ்வொன்றும் முதுகில் மருந்தைச் சுமந்து
ரத்தத்தோடு ரத்தமாய் இறங்கி
புற்று இருக்கும் இடம் பார்த்துப் பதுங்குமாம்.
விளக்குப் போடும்வரை வாய் திறக்காதாம்.

விரலிலும் தங்கம் இருந்ததுண்டு.
பெர்கனுக்குப் போனவனுக்கே
தபாலில் அனுப்பிவிட்டேன், பதிவுகூடச் செய்யாமல்.

ஒரே நிபந்தனை:
நாலு நாள் வெயில் படக்கூடாது.
சொல்வது ஜூன் மாதத்தில்,
சூரியன் இறங்கவே மறுக்கும் ஊரில்!
நடுநிசியிலும் கடல்மேல் நின்று
கடன்காரனைப் போல ஜன்னலைத் தட்டுகிறது.
யோர்டிஸ் வந்து, நான் தங்கிய அறை முழுக்க
சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினாள்,
மூன்று சுருள்.
"அடுப்பில் வைக்கிற மீனுக்குக்கூட
இத்தனை சுற்றியதில்லை" என்றாள்.
அப்புறம் திரும்பி நின்று அழுதாள்,
இருட்டில் தெரியாதென்று நினைத்து.
சாவித்துவாரம் வழியே ஒரு கீற்று
தரையில் வந்து கிடந்தது.
கால் பட்டுவிடாமல் தாண்டிப் போனேன்.

இரண்டாம் நாள் படுக்கவைத்தார்கள்.
கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.
தழும்பின்மேல் சிவப்பு விளக்கு, பதினேழு நிமிடம்.
முதலில் வெதுவெதுப்பு,
பிறகு செந்தட்டி உரசினாற்போல் ஒரு காந்தல்.
உள்ளே எங்கோ அவை விழித்துக்கொண்டன.

அப்போதுதான் அந்தச் சந்தேகம்:
ஆலையில் எத்தனை புழுவைத் தவறவிட்டிருப்பேன்?
வெளிச்சம் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.
நான்தான் சில சமயம்
கொட்டாவி விட்டேன்,
யோர்டிஸை முந்தப் பார்த்தேன்.

குன்வோரிடம் எதுவும் கேட்கவில்லை.
அவளுக்குத் தூக்கம் வந்துவிடாதபடி
கதை சொல்லிக்கொண்டிருந்தேன்,
யாரோ ஒருத்தி
நிமிடத்துக்குப் பதினொன்று பார்ப்பாளாம் என்று.